எங்கள் மெஷின் ரொட்டிக்காரரான கதை

குழாயை மடக்கியது நான்தான். முனியாண்டி அண்ணனின் கட்டிலுக்குப் பின்பக்கமாகக் கையை விட்டு, அந்த மெல்லிய குழாயை யாரும் பார்க்காதபடி இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு பாடியது.

டிங்… டிங்… டோங்.

அடுப்படியில் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மீன் பொரித்த வாசனையோடு அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். ‘வாங்கக்கா, வாங்க’ என்று மனதுக்குள் கூப்பிட்டேன். அவர் செய்ய வேண்டியதெல்லாம் மெஷினிடம் வந்து, மடங்கிய குழாயை நீட்டிவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்குவது மட்டும்தான். அதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே தலைமை அலுவலகத்திலிருந்து விமானம் ஏறி வந்த ஹெலன், பிளாஸ்டிக் நாற்காலியில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

லெட்சுமி அக்கா மெஷினைக் கடந்தார். ஹெலனைக் கடந்தார். என்னையும் கடந்தார். வாசலில் கிடந்த சிலிப்பரை மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று வெளிக்கேட்டைப் பார்த்து நடந்தார்.

ஹெலனின் பேனா நின்றுவிட்டது.

அதைவிடக் கொடுமை, என் பக்கத்தில் நின்ற, என்னோடு வேலை செய்யும் குமரனின் கை அவன் கால்சட்டைப் பைக்குள் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தது. ஏன் என்று அவனுக்கே தெரியாது. நானும் கழுத்தைத் திருப்பி வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிப் பக்கத்து வேலை

கெடா மாநிலத்தில், கரங்கான் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றில் நான் ஏன் அப்படிக் குழாயை மடக்கிக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். இந்தத் தொடரை வாராவாரம் அவர்தான் முதலில் படிக்கிறார். பிழையும் பிடிக்கிறார்.

எங்கள் யாழ்ப்பாண வழிக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பேர் வைப்பதற்கு முன்பே டாக்டர் என்று முடிவு செய்துவிடுவார்கள். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பும் கணக்கும் எழுதி ஓய்வு பெற்றவர். மெர்கோங்கில் எங்கள் வீடு இருந்த வரிசையில் மற்றப் பிள்ளைகளெல்லாம் சொன்னபடி டாக்டரானார்கள். நான் மட்டும் எஞ்சினியரிங் படித்து, மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன்.

அப்பா மனம் தளரவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், “மகள் ஆஸ்பத்திரிப் பக்கம்தான் வேலை” என்பார். எந்தப் பக்கம் என்று மேற்கொண்டு கேட்பதற்குள் பூசை மணி அடித்துவிடும்.

இதன் பலனை நான் கல்யாண வீடுகளில் அனுபவித்தேன். சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, கைப்பையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். “இது எப்பப் பாத்தாலும் கூடத்தான்மா காட்டுது. கொஞ்சம் சரி பண்ணிக் குடு” என்றார். அவர் இலையில் ஊறுகாய் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேட்டரியை மாற்றச் சொல்லித் தப்பித்தேன்.

எங்களுக்கென்று ஓர் அறை

கூலிமில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் பல வருடங்கள் நாங்கள் எதையும் வடிவமைத்ததில்லை. வரைபடம் கடல் கடந்து வரும். அதில் உள்ளபடி பூட்டி அனுப்புவோம். ஒரு திருகாணியை மாற்ற வேண்டும் என்றாலும் அங்கே கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அவர்கள் தூங்கி எழுந்து பதில் போடும்வரை நாங்கள் திருகாணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

கேட்டுக் கேட்டு, கெஞ்சிக் கெஞ்சி, ஒரு நாள் எங்களுக்கென்று ஒரு வடிவமைப்பு அறை கிடைத்தது. பழைய ஸ்டோர் அறைதான். ஏர்கோன் ஒழுகும். கதவில் பெயர்ப் பலகை மாட்டிய அன்று குமரன் அதன் முன்னால் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டான். குமரன் சுங்கைப் பட்டாணிக்காரன். மின்சுற்று அவன் பொறுப்பு. அஸ்மி பாலிங்கிலிருந்து வந்தவர். பெட்டியும் மூடியும் அவர் கைவேலை. இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோருமே கெடாவில் பிறந்து வளர்ந்தவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டியிருக்கும்.

நாங்கள் முதன்முதலில் சொந்தமாகச் செய்ததுதான் அந்த மெஷின். பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனவர்களுக்கு, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் சத்துப் பாலை அளவாகத் தள்ளும் சின்னப் பெட்டி. ஆஸ்பத்திரியில் இருப்பது பெரிது, விலையும் அதிகம். எங்களுடையது வீட்டில் கட்டிலோரம் வைக்கலாம்.

அந்தப் பாலோடு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. சிந்தினால் பசையாய்ப் பிடித்துக்கொள்ளும். ஆராய்ச்சிக் கூடத்துக்குள் எறும்பு வந்தது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரி கதவருகே நின்றுகொண்டு, “இது லேப்பா, மிட்டாய்க் கடையா?” என்று கேட்டார். அஸ்மி கொஞ்சமும் அசராமல் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

ஹெலன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீட்டுச் சோதனையில், மெஷின் மணி அடித்ததும் வீட்டில் இருப்பவர் யாரும் சொல்லாமலே வந்து சரிசெய்ய வேண்டும். அது நடந்தால் வடிவமைப்பு அறை கூலிமிலேயே இருக்கும். நடக்காவிட்டால் வேலை கடல் கடந்து போய்விடும், நாங்கள் பழையபடி திருகாணியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். குமரன் அப்போதுதான் வீட்டுக் கடன் எடுத்திருந்தான். எனக்கு அந்த ஒழுகுகிற அறைமேல் உயிர்.

எல்லோருக்கும் பிடித்த மணி

மணியைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போவது என்பதில்கூட ஒத்துப்போகாத கூட்டம் எங்களுடையது. குமரன் ஒரு கொத்து மணிச் சத்தங்களைக் கணினியில் போட்டுக் காட்டினான். டிங் டிங் டோங் வந்ததும் அறையே அமைதியாகிவிட்டது. அஸ்மி கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஏனோ சாயங்கால வெயில் ஞாபகம் வந்தது. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

ஏன் இந்த மணி என்று ஹெலன் திரையில் கேட்டபோது, நான் ரொம்ப அழகாகப் பதில் சொன்னேன். “நோயாளியைப் பயமுறுத்தாது. ஏதோ நல்லது வரப்போகிறது என்று தோன்றும்.” ஹெலனுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. எனக்கும்தான். இரண்டு நாள் அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

கேட்டில் யாரும் இல்லை

லெட்சுமி அக்கா கேட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“என்னக்கா, யாரத் தேடுறீங்க?”

“ரொட்டிக்காரரத்தான் மேடம். எங்க வீட்டுக்கிட்ட வந்தா மணி அடிக்காதீங்க பாய், சும்மா போயிருங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு அடிச்சிட்டாரேன்னு ஏசப் போனேன். ஆளக் காணோம்லா.”

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்கால வெயில், மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் தொங்கும் ரொட்டிப் பொட்டலங்கள், பின்னால் கண்ணாடிப் பெட்டி. மெர்கோங்கில் எங்கள் வரிசைக்கு வந்தவரும், சுங்கைப் பட்டாணியில் குமரன் தெருவுக்கு வந்தவரும், பாலிங்கில் அஸ்மியின் கிராமத்துக்கு வந்தவரும் அந்த மணியைத்தான் மாட்டியிருந்தார்கள். ஒரே கடைச் சரக்காக இருக்கும். படித்து, பட்டம் வாங்கி, ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, உலகத்திலிருந்த அத்தனை சத்தத்திலும் நாங்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது ரொட்டிக்காரரைத்தான்.

“அலாமாக்!” என்றான் குமரன், மெதுவாக. கை இன்னும் பைக்குள்தான் இருந்தது.

“ஏங்க்கா, மணி அடிச்சா என்ன?” என்று கேட்டேன்.

லெட்சுமி அக்கா கட்டிலைக் காட்டினார். “இவரு செம்பனை லோரி ஓட்டுனவரு மேடம். தெனமும் சாயங்காலம் லோரிய நிப்பாட்டிப்புட்டு ரொட்டிக்காரருகிட்ட காயா பன்னு வாங்கித் தின்னாத்தான் அவருக்குப் பொழுது போன மாதிரி. இப்ப வாயில ஒண்ணும் வைக்க முடியல. மணிச் சத்தம் கேட்டா வாசலயே பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்குத் தாங்கல.”

நான் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். கனத்த உடம்பு, ஒரு பக்கம் தொய்ந்த முகம். பேச்சு போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

வயிற்றுக்குப் பாலை ஊற்றிவிட்டு வாய்க்கு ரொட்டியைக் காட்டும் மெஷினைச் செய்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டில் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும் என்று குழாயை விட்டுவிட்டு நின்றேன்.

“என்ன சொல்கிறார்?” என்று ஹெலன் கேட்டார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றியது. ஆனால் குமரனின் முகம் அதற்குள் அத்தனையையும் சொல்லிவிட்டிருந்தது. உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்.

ஹெலன் சிரிக்கவில்லை. “இந்த மணியை உங்கள் குழுவில் எல்லோரும் சேர்ந்தா தேர்ந்தெடுத்தீர்கள்?”

“ஆமாம்.”

“எல்லோரும் இந்த மாநிலத்துக்காரர்களா?”

“ஆமாம்.”

அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அன்று போன மற்ற வீடுகளிலும் இதே கூத்துதான். ஒரு வீட்டில் பாட்டும் டிவியுமாக இருந்தவர்கள் தட்டோடு வெளியே போனார்கள். சாயங்காலம் கிளம்பும்போது ஹெலன், “மாதக் கடைசியில் திரும்பி வருவேன். அதற்கு மேல் நேரம் தர என்னால் முடியாது” என்றார்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டாருக்குத் தெரிந்துவிட்டதால், புது மணி வரும்வரை பழைய மெஷினே இருக்கட்டும் என்று நோயாளிகளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அப்பா வைத்த பரீட்சை

அடுத்து வந்த நாட்களில் எங்கள் காதை நாங்களே நம்பவில்லை. குமரன் எந்தச் சத்தத்தைப் போட்டாலும் யாருக்காவது ஏதாவது ஞாபகம் வந்தது. ஒன்று ஐஸ்கிரீம்காரர். ஒன்று பள்ளிக்கூடம் விடுகிற மணி. ஒன்றைக் கேட்டதும் அஸ்மி எழுந்து நின்று, “இது என் மாமியார் ஃபோன்” என்றார். அதை அவருக்காக ஒதுக்கிவைத்தோம்.

வாரக் கடைசியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு மெர்கோங் வீட்டுக்குப் போனேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். உலகம் தலைகீழானாலும் செய்தி முடியாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். பின் அறையில் மெஷினை வைத்து ஒவ்வொரு மணியாக அடிக்கவிட்டேன்.

முதல் மணிக்கு, “ஆரோ வந்திருக்கினம், போய்ப் பார்” என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். இரண்டாவதற்கு விரலால் தாளம் போட்டார். அதற்கடுத்து வந்தது குமரன் வெறுத்துப்போய்ச் செய்த ஒன்று. தகரத்தில் ஆணியை வைத்துக் கீறுவதுபோல் இருக்கும்.

நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்தார். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தார். நேராகப் பின் அறைக்கு வந்து, என்னைத் தள்ளிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் குனிந்தார்.

“உந்தச் சனியனை நிப்பாட்டு பிள்ளை! என்ன கோதாரிச் சத்தம் இது?”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரே தேடிப்பிடித்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, நீங்க பாஸ்!”

“இதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?” என்று கேட்டுவிட்டுச் செய்திக்குத் திரும்பினார். விதிமுறைப்படி இன்னும் பலரிடமும் சோதித்தோம். ஒருவருக்குக்கூட அந்த மணி பிடிக்கவில்லை. எல்லோரும் ஓடி வந்து அமுக்கினார்கள்.

லெட்சுமி அக்காவின் விண்ணப்பம்

மாதக் கடைசியில் மறுபடியும் அதே கூடம், அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே ஹெலன். புது மணி போட்ட மெஷினை வைத்துவிட்டு, மறுபடியும் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டேன். குமரன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

மெஷின் கத்தியது.

“அய்யோ, என்னா எழவுச் சத்தம்டா சாமி!” என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார் லெட்சுமி அக்கா. யாரையும் பார்க்கவில்லை. குழாயைத் தடவிப் பார்த்து, மடிப்பைக் கண்டுபிடித்து, என் விரலைத் தட்டிவிட்டு, பொத்தானை அமுக்கினார். பால் மறுபடி இறங்கத் தொடங்கியது.

ஹெலன் மூடியைப் போட்டுப் பேனாவைப் பைக்குள் வைத்தார். “உங்கள் அறை அங்கேயே இருக்கட்டும்” என்றார். குமரன் வெளியே போய்ச் செம்பனை மரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினான். தூசி என்று சொன்னான்.

கிளம்பும்போது லெட்சுமி அக்கா என் கையைப் பிடித்தார்.

“மேடம், அந்தப் பழைய மணி இல்லீங்களா? அதத் திரும்பப் போட முடியாதா?”

“என்னக்கா, அது கேட்டாத் தாங்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்தான். ஆனா அந்த மெசினு அடிக்க அடிக்க இவரு எச்சி முழுங்க ஆரம்பிச்சிட்டாரு. ஆஸ்பத்திரில விழுங்கப் பழக்குற மிஸ்ஸிக்கிட்ட சொன்னேன். நல்லதுதான், முழுங்கட்டும், அது பழக்கந்தான்னு சொன்னாங்க.”

பழைய மணியைத் திரும்பப் போட முடியாது என்றேன். அது எல்லா வீட்டுக்கும் போகிற மெஷின், எல்லா வீட்டிலும் ஒரே மணிதான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“சரி, விடுங்க. ரொட்டிக்காரருகிட்டயே மணிய அடிக்கச் சொல்லிக்கிறேன்.”

வேண்டாம் என்றார்கள்

மழைக்காலம் வந்து போயிருக்கும். ஒரு நாள் லெட்சுமி அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. மேடம் போய்த் தங்கச்சியாகியிருந்தேன்.

“தங்கச்சி, ஒங்க மெசின வந்து தூக்கிட்டுப் போங்க. இனி எங்களுக்கு வேணாம்.”

ஒரு கருவியைச் செய்தவளிடம் இதைவிட இனிப்பாக யாரும் பேசியிருக்க முடியாது. அன்றைக்கே நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். விழுங்கப் பழக்கிய மிஸ்ஸியின் பொறுமைக்கும் லெட்சுமி அக்காவின் பிடிவாதத்துக்கும் கிடைத்த பலன் அது. எங்களுக்கு அதில் பங்கில்லை என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் காதில் விழவில்லை. “மகள் ஒராளைத் திரும்பச் சாப்பிட வைச்சவள்” என்று கோயிலில் சொல்லிக்கொண்டு திரிகிறார். பூசை மணிக்குக்கூட இப்போது காத்திருப்பதில்லை.

நான் போனபோது முனியாண்டி அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் இல்லை. மெஷினைத் துடைத்து, நெற்றியில் வைப்பதுபோல் அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தயாராக வைத்திருந்தார் லெட்சுமி அக்கா. சரஸ்வதி பூசைக்கு வைத்ததாம், அழிக்க மனசு வரவில்லையாம்.

டிங்… டிங்… டோங்.

மோட்டார் சைக்கிள் கேட்டோரம் வந்து நின்றது. ரொட்டிக்காரர் இறங்கக்கூட இல்லை. பெட்டியைத் திறந்து, கேட்காமலே, தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் ஒன்றை எடுத்து நீட்டினார். லெட்சுமி அக்கா அதைப் பிட்டு, தேத்தண்ணியில் ஊறவைத்து, சின்னச் சின்னதாகக் கொடுத்தார். அண்ணன் ரொம்ப நேரம் மென்றார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் மெஷினைத் தூக்கியதும், நல்ல கையை ஆட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தேன். அவர் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை. வார்த்தைகள் குழைந்து, ஒவ்வொன்றாக வந்தன.

“அந்த… பழைய மணிதான்… நல்லாருந்துச்சி.”

இத்தனை வருடத்தில் எங்கள் கருவிகளைப் பற்றி எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு மெஷினைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மீதமிருந்த பன்னில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார்.